பிறவியிலேயே வந்ததா, நடுவில் வந்ததா? ஆட்டிசமும் ஏடிஹெச்டியும், கூடவே வரும் மனநலச் சிக்கல்களும்

"எனக்குக் கொஞ்சம் ஓசிடி" என்று மேசையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார் ஒருவர். மீட்டிங்கில் போனை நோண்டுகிறவரைப் பார்த்து "உனக்கு ஏடிஹெச்டி" என்கிறார் இன்னொருவர். கல்யாண வீட்டில் யாரோடும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் விசாரணை நடக்கிறது. அதே குடும்பத்தில் மூன்றரை வயதாகியும் பேச்சு வராத குழந்தையைப் பற்றிக் கேட்டால், "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று பதில் வருகிறது.

பெயர்கள் பரவிவிட்டன. ஆனால் ஆட்டிசம், மனச்சோர்வு, ஏடிஹெச்டி, ஓசிடி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மூளையில் ஏதோ கோளாறு' என்று ஓரமாக வைத்துவிடுகிறோம். இவற்றில் வளர்ச்சிக் குறைபாடு, மனநலக் கோளாறு என்று இரண்டு தனித்தனி வகை உண்டு. ஒன்று மற்றொன்றைப் போலத் தோன்றும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்று கிளம்பவும் செய்யும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க மருத்துவர்கள் முதலில் எடுக்கும் கருவி ஸ்கேன் அல்ல, ஒரு கேள்வி: "இது எப்போதிலிருந்து?"

## வயரிங்கும் வோல்டேஜும்

ஒரு வீட்டைக் கட்டும்போதே வயரிங் வேறு மாதிரி செய்துவிட்டார்கள். ஹால் ஸ்விட்சைப் போட்டால் சமையலறை விளக்கு எரியும். மிக்சியும் அயர்ன் பாக்ஸும் ஒரே லைனில் ஓடும். குடியிருப்பவர்களுக்கு அது பழகிவிடும், புதிதாக வருகிறவர்தான் திண்டாடுவார். அந்த வீடு முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

பக்கத்து வீட்டில் வயரிங் எல்லா வீட்டிலும் இருப்பது போலத்தான். ஆனால் இந்தச் சித்திரையில் லோ வோல்டேஜ். ஃபேன் ஆடி அசைந்து சுற்றுகிறது, டியூப்லைட் மினுக்குகிறது. போன மாதம்வரை நன்றாக இருந்த வீடு. கோளாறு நீங்கினால் பழையபடி ஓடும்.

முதல் வீட்டின் கதை ஏறக்குறைய வளர்ச்சிக் குறைபாடு. இரண்டாவது, மனநலக் கோளாறு. இனி முக்கியமான இடம். வேறு மாதிரி வயரிங் உள்ள வீட்டுக்கும் லோ வோல்டேஜ் வரும். சொல்லப்போனால் அங்கேதான் ஃபியூஸ் சீக்கிரம் போகும், ஒரே லைனில் அத்தனை பாரம் இருப்பதால். வாசலில் நிற்கிறவருக்கோ 'விளக்கு எரியவில்லை' என்பது மட்டும்தான் தெரியும். உவமை இதோடு போதும், மூளையில் ஸ்விட்ச் போர்டு கிடையாது. அடுத்து நிஜமாக என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

## வளர்ச்சிக் குறைபாடு

கருவில் தொடங்கும் மூளை வளர்ச்சி இருபது வயது தாண்டியும் தொடர்கிறது. நரம்பு செல்கள் பிறக்கின்றன, தத்தம் இடத்துக்கு நகர்கின்றன, ஒன்றோடொன்று இணைப்புப் போடுகின்றன. அப்புறம் வேண்டாத இணைப்புகள் கழிக்கப்படுகின்றன. இந்த வேலை வேறு போக்கில் நடந்து, அதனால் பேச்சு, பழகுதல், கவனம், படிப்பு, உடலசைவு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சிறு வயதிலிருந்தே சிரமமானால் அதுதான் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு. சுருக்கமாக, வளர்ச்சிக் குறைபாடு.

ஆட்டிசம் இந்த வகை. பிறரோடு பழகுவதிலும், பேச்சு, பார்வை, சைகை வழியாகப் பரிமாறிக்கொள்வதிலும் சிரமம் இருக்கும். கூடவே ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஒழுங்கு மாறினால் தாங்க முடியாமல் போவது, குக்கர் விசிலோ சட்டைக் காலர் லேபிளோ மற்றவர்களைவிடப் பல மடங்கு உறுத்துவது. ஏடிஹெச்டி என்றால் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, அடங்கி உட்கார்வது, செய்யுமுன் யோசிப்பது ஆகியவற்றில் வயதுக்குப் பொருந்தாத அளவு சிரமம். வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தடுமாறுவது கற்றல் குறைபாடு. புரிந்துகொள்வதிலும் அன்றாட வேலைகளைத் தானே செய்வதிலும் பொதுவாகப் பின்தங்குவது அறிவுசார் குறைபாடு. திக்குவாயும் இந்தக் குடும்பம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

இவை அபூர்வமும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். ஏடிஹெச்டி குழந்தைகளில் சுமார் 5 சதவீதம். இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2018இல் வெளியான ஆய்வு, வலிப்பு, காது கேளாமை முதலியவற்றையும் சேர்த்து எண்ணி, ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு இப்படி ஏதாவது ஒன்று இருப்பதாகச் சொன்னது.

காரணங்களில் பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு. "அவங்க அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று பாட்டி சொல்வது பெரும்பாலும் சரியான தகவல். "அதனால ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று அதோடு ஒட்டிக்கொண்டு வரும் முடிவுதான் தவறு. வளர்ப்பு சரியில்லாததால் ஆட்டிசம் வராது. போன் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

## மனநலக் கோளாறு

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, ஓசிடி (வேண்டாத எண்ணம் விடாமல் குடைந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது), பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) ஆகியவை இந்தப் பக்கம். இவற்றில் பெரும்பாலும் 'அதற்கு முன்' என்று ஒரு காலம் இருக்கும். நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர், ஒரு கட்டத்துக்கு அப்புறம் மாறிப்போகிறார். மனச்சோர்வு என்று சொல்லவே குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும் என்பது விதி. பைபோலாரில் உற்சாகம் எல்லை மீறி ஏறும் கட்டமும் சோர்வில் விழும் கட்டமும் வரும், போகும். இடையில் பலர் பழைய ஆளாகவே இருப்பார்கள்.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கே நீண்ட காலம் ஆயிற்று. 1943இல் அமெரிக்காவில் குழந்தை மனநல மருத்துவர் லியோ கன்னர் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசம் பற்றி எழுதினார். அதற்கப்புறமும் பல ஆண்டுகள் அத்தகைய குழந்தைகளுக்குக் 'குழந்தைப் பருவ ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயரே எழுதப்பட்டது. 1971இல் பிரிட்டனில் மனநல மருத்துவர் இஸ்ரேல் கோல்வின் ஒரு எளிய வேலை செய்தார். இந்தக் குழந்தைகளுக்கு எந்த வயதில் அறிகுறி தொடங்கியது என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். ஒரு கூட்டத்துக்கு மூன்று வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தது. இன்னொரு கூட்டத்துக்கு ஐந்து வயதுக்கு அப்புறம். நடுவில் ஆளே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இடைவெளி. முதல் கூட்டம் ஆட்டிசம். இரண்டாவது, ஸ்கிசோஃப்ரினியாவை ஒத்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம், 1980இல்தான் ஆட்டிசத்துக்குத் தனி இடம் கொடுத்தது. 'எப்போதிலிருந்து' என்ற கேள்விக்கு அவ்வளவு வேலை இருந்திருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வளர்ச்சிக் குறைபாடு சிறு வயதிலேயே தொடங்கி ஆளோடு கூடவே வளர்வது. மனநலக் கோளாறு பெரும்பாலும் ஒரு கட்டத்தில் தொடங்குவது, ஏறி இறங்குவது. இனி இரண்டும் கலக்கும் இடங்கள்.

## ஒன்று மற்றொன்றைப் போலத் தோன்றுவது

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். படிப்பில் கவனம் இல்லை, ஹோம்வொர்க் முடிப்பதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறான். மருத்துவர் பழைய ரேங்க் கார்டுகளைக் கொண்டுவரச் சொல்கிறார். யூகேஜியில் 'இடத்தில் உட்கார்வதில்லை'. இரண்டாம் வகுப்பில் 'பேச்சு அதிகம், அவசரத்தில் பிழைகள்'. ஐந்தாம் வகுப்பில் 'திறமை உண்டு, முயற்சி போதாது'. ஏழில் மறுபடியும் 'கவனக்குறைவு'. கையெழுத்துப் போட்ட டீச்சர்கள் மாறியிருக்கிறார்கள், குறிப்பு மாறவில்லை. இது ஏடிஹெச்டி பக்கம் சாய்கிறது. அந்தப் பெயரைச் சொல்ல, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் பல இருந்திருக்க வேண்டும், அதுவும் வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில்.

இதே புகாரோடு இன்னொரு பையன் வருகிறான். அவன் கார்டில் ஏழாம் வகுப்புவரை 'நன்று' தவிர வேறு சொல் இல்லை. எட்டாம் வகுப்பு அரையாண்டுக்கு அப்புறம்தான் சரிவு. இங்கே மருத்துவர் கேட்கும் கேள்விகள் வேறு. அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது? தூக்கம் எப்படி? உயிராக இருந்த கிரிக்கெட் இப்போதும் பிடிக்கிறதா? மனச்சோர்விலும் கவனம் சிதறும், குழந்தைகளிடம் அது அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படலாம்.

ஒரு எச்சரிக்கை. நல்ல மூளையுள்ள பிள்ளைகள் சிலர் ஏடிஹெச்டியை வைத்துக்கொண்டே சின்ன வகுப்புகளைத் தாண்டிவிடுவார்கள். பாடச்சுமை ஏறும்போதுதான் அகப்படுவார்கள். அதனால் ரேங்க் கார்டு ஒரு சாட்சி மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

ஓசிடியும் ஆட்டிசமும் குழம்புவதும் சகஜம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி போய், மறுபடி வரும் பெண்ணுக்கு அது தொல்லை என்று அவருக்கே தெரியும். 'பூட்டவில்லையோ' என்ற எண்ணம் விடாமல் குடைகிறது, இழுத்துப் பார்த்தால் ஒரு நிமிடம் அடங்குகிறது. அதுதான் ஓசிடி. ஆட்டிசம் உள்ள சிறுவன் கார் பொம்மைகளை நிறவாரியாக வரிசை கட்டும்போது அவன் எந்தப் பயத்தையும் விரட்டவில்லை. அது அவனுக்குப் பிடித்திருக்கிறது, அமைதி தருகிறது. யாராவது கலைத்தால்தான் அழுகை. வெளியே பார்க்க இரண்டும் 'திரும்பத் திரும்பச் செய்வது'. உள்ளே இருக்கும் உணர்வு நேர் எதிர். மேசையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, சொல்லத் தேவையில்லை, இரண்டில் எதுவும் அல்ல.

கூட்டத்தைத் தவிர்ப்பதும் அப்படியே. சமூகப் பதற்றம் உள்ளவருக்கு எப்படிப் பழகுவது என்று தெரியும், 'என்ன நினைப்பார்களோ' என்ற பயம்தான் தடுக்கிறது. நெருங்கியவர்களிடம் சரளமாகப் பேசுவார். ஆட்டிசத்தில் அந்தச் சொல்லாத விதிகளே பிடிபடுவதில்லை. யார் எப்போது பேச வேண்டும், கிண்டல் எது, நிஜம் எது என்பதெல்லாம். வீட்டு ஆட்களிடமும் அந்தச் சிரமம் ஓரளவு இருக்கும்.

ஏடிஹெச்டியையும் பைபோலாரையும் பிரிக்க மறுபடி காலமே உதவுகிறது. வருடம் முழுக்க ஓயாமல் பேசுகிறவர் வேறு. சாதாரணமாக இருந்துவிட்டு, ஒரு வாரம் தூக்கமே தேவைப்படாமல், கடன் வாங்கித் தொழில் தொடங்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர் வேறு.

இதையெல்லாம் யோசிக்கும் முன்பே சில பரிசோதனைகள் உண்டு. பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். சோர்ந்து கிடப்பவருக்குத் தைராய்டும் ரத்தச்சோகையும் பார்க்கிறார்கள்.

## உண்மையிலேயே இரண்டும் இருப்பது

கொரோனா காலத்தில் 'இணைநோய்' என்ற சொல் எல்லாருக்கும் பழகிவிட்டது. ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும் இன்னொரு நோய். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் மனநல இணைநோய் விதிவிலக்கு அல்ல, சொல்லப்போனால் அதுதான் வழக்கம்.

பிரிட்டனில் 10 முதல் 14 வயதுவரை உள்ள, ஆட்டிசம் கொண்ட 112 பிள்ளைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். 70 சதவீதம் பேருக்கு இன்னொரு கோளாறாவது இருந்தது. 41 சதவீதம் பேருக்கு இரண்டோ அதற்கு மேலோ. சமூகப் பதற்றமும் ஏடிஹெச்டியும் பத்தில் மூவருக்கு அருகில்.

அந்த ஆய்வு வந்தபோது நடைமுறையில் இருந்த டிஎஸ்எம் விதி இதற்கு நேர்மாறானது. ஆட்டிசம் என்று எழுதிய குழந்தைக்கு ஏடிஹெச்டி என்று எழுதக் கூடாது. கவனச்சிதறல் ஆட்டிசத்தின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் அந்தத் தடையை நீக்கியது. 'ரெண்டும் எப்படி ஒரே பிள்ளைக்கு இருக்கும்?' என்று இன்றும் சிலர் கேட்பதற்கு அந்தப் பழைய விதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஏன் சேர்ந்து வருகின்றன? ஒரு பகுதி விடை மரபணுவில். ஆட்டிசம், ஏடிஹெச்டி, பைபோலார், மனச்சோர்வு, ஸ்கிசோஃப்ரினியா ஆகிய ஐந்துக்கும் சில மரபணு மாறுபாடுகள் பொதுவாக இருப்பதை 2013இல் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி மரபணு என்று இயற்கை பிரித்துவைக்கவில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மாறுபாடுகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக, பல பக்கமும் சாய்க்கின்றன. ஒரே குடும்பத்தில் மாமாவுக்கு பைபோலார், மருமகனுக்கு ஏடிஹெச்டி என்று வருவது தற்செயல் இல்லாமலும் இருக்கலாம்.

## ஒன்றிலிருந்து மற்றொன்று கிளம்புவது

விடையின் மறுபகுதி அன்றாட வாழ்க்கையில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் இதைத்தான் நாம் மாற்ற முடியும்.

ஏடிஹெச்டி உள்ள பிள்ளை காலையில் எழுந்ததிலிருந்து கேட்பதை எண்ணிப் பாருங்கள். "தண்ணி பாட்டிலை எங்கடா தொலைச்ச?" "எத்தனை தடவை சொல்றது?" "உன் தங்கச்சியைப் பாரு." பள்ளியில் அதே பாட்டு. பன்னிரண்டு வருடம் இதைக் கேட்டு வளர்ந்தவன் தான் சோம்பேறி, எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நம்பிவிடுகிறான். பதினாறு வயதில் மனச்சோர்வு வரும்போது 'திடீர்னு இப்படி ஆயிட்டான்' என்கிறார்கள்.

ஆட்டிசத்தில் பதற்றம் வேறு வழியாக வருகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதே பெரிய சுமை. பள்ளி வேன் வேறு தெருவழியாகத் திரும்பினால் போதும். கேலி, ஒதுக்கல் எல்லாம் அதற்கு மேல். இன்னொன்று, முகமூடி போடுதல்: தன் சிரமம் வெளியே தெரியாமல், மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களைப் போலவே நடித்துச் சமாளிப்பது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எத்தனை நொடி கண்ணைப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். 'அடக்கமான பொண்ணு' என்று பெயர் எடுத்த பல பெண்கள் இதைச் செய்திருக்கிறார்கள். ஆட்டிசம் பெண்களிடம் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம். பள்ளியில் நாள் முழுக்க நடித்த களைப்பு வீட்டு வாசலில் வெடிக்கும். 'ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கா' என்று டீச்சர் சொல்வதும் உண்மை, அம்மா சொல்வதும் உண்மை.

சுருக்கமாகச் சொன்னால், சேர்ந்து வருவதற்கு இரண்டு வழி. ஒரே வேரிலிருந்து இரண்டும் முளைப்பது ஒன்று. முதலாவதோடு வாழ வேண்டியிருக்கும் சூழல் இரண்டாவதைக் கொண்டுவருவது மற்றொன்று.

## ஒரு பெயர் மற்றதை மறைப்பது

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ இருக்கும் ஒருவரிடம் புதிதாக எது வந்தாலும் 'அதனாலதான்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடும் பழக்கம் உண்டு. மருத்துவர்களும் இதற்கு விலக்கில்லை. 1982இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் சகாக்களும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரே மனநல அறிகுறியை, அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் பார்க்கும்போது உளவியலாளர்களே குறைத்து மதிப்பிட்டார்கள்.

பேச முடியாத இருபது வயது இளைஞன் திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ளத் தொடங்கினால் 'ஆட்டிசம் அதிகமாயிடுச்சு' என்று மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்பு வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், அல்லது நிஜமாகவே மனச்சோர்வு. ஆட்டிசம் ஒரே வாரத்தில் அப்படித் தாவி ஏறாது. புதிய மாற்றம் என்றால் புதிய காரணம் தேட வேண்டும்.

தலைகீழாகவும் நடக்கும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் பாதிதான் சரியாகிறது என்று வரும் முப்பத்தைந்து வயதுக்காரரிடம், அடியில் ஏடிஹெச்டி இருக்கிறதா என்று யாருமே கேட்காமல் விட்டிருப்பார்கள்.

## எதை முதலில் கவனிப்பது

இரண்டு பெயர் இருந்தால் எது அதிக ஆபத்தோ அதுதான் முதலில். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவருக்கு மற்றது எல்லாம் காத்திருக்கலாம். பைபோலாரும் ஏடிஹெச்டியும் சேர்ந்திருந்தால் மனநிலையை நிலைப்படுத்திவிட்டுத்தான் ஏடிஹெச்டி மருந்துக்குப் போவார்கள். ஏடிஹெச்டியால் பள்ளியில் சொதப்பி, அதனால் பதற்றப்படும் பிள்ளைக்கு ஏடிஹெச்டியைக் கவனித்தாலே பதற்றம் பாதி இறங்குவதுண்டு.

ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்றவை தருவது கடுமையான எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும்தான். ஆட்டிசத்தையே குணமாக்குகிறோம் என்று பேக்கேஜ் விற்கும் இடங்களில் இதைக் கேட்டுப் பாருங்கள். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது), சிறப்புக் கல்வி ஆகியவைதான் இங்கே முக்கியம். ஆனால் கூடவே இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. ஆலோசனையை மட்டும் ஆளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். 'மனசுல என்ன தோணுது?' என்ற கேள்விக்குத் திகைப்பவரிடம் படமோ, ஒன்று முதல் பத்துவரை எண் போட்ட அளவுகோலோ நன்றாக வேலை செய்யும்.

## சட்டத்திலும் இரண்டு பக்கம்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் தனித்தனியாக உண்டு. ஏடிஹெச்டி இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அறிவுசார் குறைபாடு மனநோய் ஆகாது என்று வரையறையிலேயே சொல்லிவிடுகிறது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பதால், அதையும் சோதித்துச் சான்று வாங்கினால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்க வழி பிறக்கும்.

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு முதல் இடம் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட இடையீட்டு சேவை மையம். 18 வயதுவரை அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 'நிப்மெட்' என்று அழைக்கப்படும், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பெரியவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குப் பேசலாம். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.